கையில் வாங்காத கத்தி

போன கிழமை நம் பழைய வகுப்பின் கைபேசிக் குழுவில் உங்களில் ஒருத்தி ஒரு கேள்வி போட்டிருந்தாள். மீனை முள்ளில்லாமல் சதையாகச் சீவி எடுக்க நல்ல கத்தி எது, மருமகள் கேட்கிறாள் என்று. பத்து நிமிடத்துக்குள் குழு மீன் சந்தையாகிவிட்டது. ஒருத்தி ஜெர்மன்காரன் கத்தி என்றாள், ஒருத்தி ஜப்பான்காரன் கத்தி என்றாள், கனடாவில் இருக்கிறவள் தன் கத்தியைப் படம் எடுத்தே அனுப்பினாள். ஆயுள் முழுக்க மீனைத் தொடாத ஒருத்தி, கடையில் வெட்டித் தருவார்களே, பிறகேன் கத்தி என்று கேட்டாள். நான் மட்டும் பதில் எழுதவில்லை. மயிலிட்டிக்காரி, மீன் வெட்டித் தேய்ந்த கை, நீ ஏனடி வாய் திறக்கவில்லை என்று பிறகு இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டீர்கள்.

வாய் திறக்காமல் இருப்பது எனக்குப் பழைய பழக்கம். அதைப் பற்றித்தான் இப்போது எழுதப் போகிறேன். கத்தியைப் பற்றியும் சொல்லுவேன், பயப்படாதீர்கள்.

முதலில் கேட்டதற்குப் பதில். சதை சீவுகிற கத்தி கனமாக இருக்கக் கூடாது. அலகு ஒரு சாணும் நாலு விரலும் நீளம் இருந்தால் போதும், அகலம் இரண்டு விரலுக்கு மேல் வேண்டாம். நுனியைப் பலகையில் ஊன்றி அழுத்தினால் வளைய வேண்டும், விட்டால் நிமிர வேண்டும். வளைந்தபடி நின்றால் அது தகரம். வளையவே மாட்டேன் என்றால் அது விறகு கொத்தத்தான் சரி. பிடியை ஈரக் கையால் பிடித்துப் பார்க்க வேண்டும், காய்ந்த கையால் பார்த்து வாங்குகிறவள் வீட்டுக்குப் போய்த் தன் விரலை வெட்டிக்கொள்வாள். கூர்மையைப் பார்த்து மயங்காதீர்கள், கடையில் இருக்கிற எல்லாக் கத்தியும் கூராகத்தான் இருக்கும். இவ்வளவையும் நான் பதினொரு வயதில் ஒரே கிழமையில் அறிந்துகொண்டேன்.

அந்தக் காலம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு றாத்தல் பாணுக்கு விடியமுன் வரிசையில் நின்ற காலம். வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் கடைக்கு வராது. சைக்கிள் ரியூப் கிழிந்தால் ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு ஓடினோம். எங்கள் வீட்டில் அப்போது அம்மாவும் நானும் மட்டும்தான். அப்பா கப்பலுக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. முதல் வருடம் துறைமுகத்துக்குத் துறைமுகம் கடிதம் வந்தது, படம் போட்ட அட்டைகள் வந்தன. பிறகு ஒன்றும் வரவில்லை. கப்பல் தாழவில்லை, ஆள் உயிரோடுதான் எங்கேயோ இறங்கிவிட்டார் என்று கொழும்பில் விசாரித்தவர்கள் சொன்னார்கள். ஆகவே செத்தவீடும் கொண்டாட முடியாது. அம்மா பொட்டோடும் தாலியோடும் துறைக்குப் போய் மற்றவர்களுடைய மீனைச் செதில் தட்டி வெட்டிக் கொடுத்தார். கூலியாகக் கிடைத்ததும் மீன்தான். தின்றது போக மிச்சத்தைக் கருவாடு போட்டோம்.

ஊர் சும்மா இருக்குமா? வேறு ஊரில் வேறு பெண் என்றார்கள், அம்மாவின் வாய் பொல்லாதது என்றார்கள். அம்மாவுக்கு வாயே இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர் எவரோடும் வாதாடவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில் வைத்திருந்தார்.

"அவர் வெளிக்கிட்ட அண்டைக்கு நான்தான் கத்தியைக் கையிலை எடுத்துக் குடுத்தனான். அதுதான் இப்பிடி வந்து முடிஞ்சுது."

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் உறவு முறியும் என்பது உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும். கொடுக்கிறவர் கீழே வைக்க வேண்டும், வாங்குகிறவர் எடுக்க வேண்டும். பல வீடுகளில் அது வாயளவில் இருந்தது. எங்கள் வீட்டில் அப்பாவின் கடிதம் நின்ற பிறகு அது சட்டமாகிவிட்டது. நான் மறந்துபோய் அம்மாவிடம் கத்தியை நீட்டினால் அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். "வை" என்பார். வைத்த பிறகுதான் குனிந்து எடுப்பார்.

ஆனால் அன்று அப்பாவிடம் கத்தியைக் கொடுத்தது அம்மா இல்லை. நான்.

அப்பா தகரப் பெட்டியைக் கயிற்றால் வரிந்து கட்டி முடித்திருந்தார். முடிச்சுக்கு மேலே நீண்டு நின்ற கயிற்றை அறுக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "கத்தியைக் கெதியாக் கொண்டா பிள்ளை" என்று கூப்பிட்டார். தாழ்வாரக் கூரை இறப்பில் செருகியிருந்த மீன் கத்தியை நான் இழுத்துக்கொண்டு ஓடிப்போய் அவருடைய உள்ளங்கையிலேயே வைத்தேன். ஒன்பது வயது, அப்பா கேட்டார் என்ற பெருமை. அவர் கயிற்றை அறுத்தார், கத்தியை வாசலில் போட்டார், என் தலையைத் தடவிவிட்டுப் பெட்டியைத் தூக்கினார். அம்மா அப்போது அடுப்படியில் அவருக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு அம்மா தான் கொடுத்ததாகச் சொல்லத் தொடங்கியபோது, அவசரத்தில் நினைவு பிசகிவிட்டது என்று நினைத்தேன். நான் திருத்தவில்லை. முதலில் அது எனக்கு ஆறுதலாக இருந்தது, பிறகு வெட்கமாக இருந்தது. கொஞ்சக் காலம் போக இரண்டும் இல்லாமல் விறைத்துவிட்டது. அம்மா அந்தக் கதையைச் சொல்லும்போது வேறு வீட்டுக் கதையைக் கேட்பதுபோல் நான் இருந்துவிடுவேன்.

அந்த வருடம்தான் துறைக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கொம்பனி திறந்தார்கள். மீனை முழுசாக அனுப்பாமல், முள்ளும் தோலும் இல்லாத சதையாகச் சீவி, ஐஸில் அடுக்கிக் கொழும்பு ஹோட்டல்களுக்கு அனுப்பப் போகிறார்களாம். அதற்குப் பெண்களை எடுக்கிறார்கள், மாதச் சம்பளம், பழக்குவதற்கு ஒரு வெள்ளைக்காரர் வந்திருக்கிறார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. வெள்ளைக்காரருக்குத் தமிழ் சொல்ல யாழ்ப்பாணப் பட்டினத்து மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார், சேட்டுப் பையில் இரண்டு பேனையுடன். வருகிற திங்கட்கிழமை சோதனை, கத்தி அவரவர் கொண்டுவர வேண்டும் என்று அவர் வந்து அறிவித்துவிட்டுப் போனார்.

"முள்ளில்லாத மீனை ஆர் தின்னுறது? கொழும்பிலை ஒருத்தருக்கும் பல்லில்லையே?" என்று சின்னம்மா கேட்டுச் சிரித்தார்.

சின்னம்மா அம்மாவின் ஒரே தங்கை. அடுத்த வளவு. இரண்டு வளவுக்கும் நடுவிலிருந்த தென்னோலைக் கிடுகு வேலியில் ஆள் புகுகிற அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது, அதனால் எங்கள் இரண்டு வீடும் ஒரு வீடுதான். அவர் அந்தப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டியபடி பேசினால் தலைக்கு முன் சிரிப்பு வந்துவிடும். சின்னம்மாவின் புருஷன் வள்ளத்தில் போகிறவர். அவர்களுக்கும் அன்றன்று உழைத்தால்தான் சோறு.

அம்மா சிரிக்கவில்லை. அந்த வருடத்தோடு என்னைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்ட வேண்டி வரும் என்று அதற்கு முதல் கிழமைதான் சொல்லியிருந்தார். வேலை கிடைத்தால் நான் படிக்கலாம். கிடைக்காவிட்டால் நானும் துறைக்கு. அதை அம்மா இரண்டாம் தரம் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அன்று பின்னேரமே கூலியாக வந்த பாரை மீன் ஒன்றை வைத்து அம்மா வெட்டிப் பார்த்தார். எங்கள் வீட்டுக் கத்தி லொறியின் பழைய வில்லுத் தகட்டில் அடித்தது. ஒரு போடில் சுறாத் தலை இரண்டாகும். ஆனால் நடுமுள்ளோடு சேர்த்துச் சீவப் போனால் அது தன் பாட்டுக்குச் சதைக்குள் ஏறியது. அம்மா சதையைக் கழற்றி வைத்துவிட்டு முள்ளைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"அரைவாசி முள்ளிலை நிக்குது."

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்றார் சின்னம்மா.

"கூடம்தான் கோணல். நீ ஆடிக் காட்டு பாப்பம்."

சின்னம்மா மற்றப் பக்கத்தைச் சீவினார். அது இன்னும் மோசம். சதை கந்தலாக வந்தது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா போன பிறகு அம்மா சிரித்ததை நான் கண்டது அன்றுதான், அதனால் அந்தக் கந்தல் மீனையும் மறக்க முடியவில்லை.

வியாழக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறி மானிப்பாய்க்குப் போனோம். ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு இரும்புச் சாமான் கடை. கடைக்காரர் இருந்த கத்தியெல்லாவற்றையும் எடுத்து மேசையில் பரப்பினார். எல்லாம் பளபளவென்று இருந்தன. அம்மா ஒரு சிரட்டையில் தண்ணீர் வாங்கிக் கையை நனைத்துவிட்டு ஒவ்வொரு பிடியாகப் பிடித்துப் பார்த்தார்.

"கத்தி வாங்க வந்தனீங்களோ, கை கழுவ வந்தனீங்களோ?" என்று கடைக்காரர் கேட்டார்.

"மீன் வெட்டேக்கை கை காய்ஞ்சிருக்காது அண்ணை" என்றார் அம்மா.

பிறகு ஒரு கத்தியின் நுனியை மேசையில் ஊன்றி அழுத்தினார். அது வளைந்தது. வளைந்தபடியே நின்றது. கடைக்காரர் கத்திய கத்தலில் தெருவால் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சின்னம்மா அவரைச் சமாதானப்படுத்தவோ என்னவோ, இருந்ததிலேயே கனமான கத்தியை எடுத்துக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்து, "கனம் இருந்தால்தானக்கா கத்தி" என்று வாங்கிவிட்டார். கடைக்காரரின் கோபம் பாதி இறங்கியது.

"உங்களுக்கு வளையவும் வேணும், நிமிரவும் வேணுமெண்டால் சண்டிலிப்பாய்க் கொல்லரிட்டைப் போங்கோ. புகையிலைக்காரருக்கெல்லாம் அவர்தான் கத்தி செய்யிறார். என்ரை கடையை விடுங்கோ" என்றார்.

சண்டிலிப்பாயில் பஸ்ஸால் இறங்கி வெயிலில் நடந்தோம். இரண்டு பக்கமும் புகையிலைத் தோட்டம், ஆளுயரத்துக்கு நின்றது, அதன் காரம் மூக்கில் ஏறியது. எனக்குத் தாகம். ஒரு வீட்டு வேலிப் படலையில் நின்று அம்மா தண்ணீர் கேட்டார். வீட்டுக்கார அம்மா எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். மயிலிட்டி என்றதும் செம்பை எங்களிடம் தரவில்லை, படலைக்கு மேலால் உயர்த்திப் பிடித்து ஊற்றினார். நாங்கள் கையை ஏந்திக் குடித்தோம். அது எங்களுக்குப் புதிதில்லை, அவருக்கும் புதிதில்லை. உங்களில் சிலருடைய வீடுகளிலும் நான் அப்படிக் குடித்திருக்கிறேன். சண்டைக்குச் சொல்லவில்லை, கதைக்குத் தேவைப்படுகிறது.

கொல்லர் வயது போனவர், ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்ப்பார். "மச்சத்துக்கோ, மரக்கறிக்கோ?" என்று கேட்டார். மச்சத்துக்கு என்று அம்மா சொல்லி, முள்ளோடு சேர்ந்து அலகு போக வேண்டும் என்பதைக் கையால் காட்டினார். அவர் உள்ளே போய் உடைந்த வாள் துண்டொன்றை எடுத்துவந்தார். மரம் அரிகிற பெரிய வாள், பல்லெல்லாம் தேய்ந்திருந்தது. இரண்டு கையாலும் வளைத்துக் காட்டிவிட்டு விட்டார். டிங் என்று நிமிர்ந்தது.

"இதுதான் சரி. ஆனால் நெருப்பிலை வைக்க ஏலாது, வைச்சால் உதின்ரை குணம் போயிடும். பச்சையா வெட்டி அரத்தாலை ராவித்தான் எடுக்கவேணும். பொழுதுபட்டிடும்."

"இருக்கிறம் அண்ணை" என்றார் அம்மா.

இருந்தோம். அரத்தின் சத்தம் பல்லைக் கூசவைத்தது. தகடு சூடேறினால் அவர் நிறுத்தித் தண்ணீரில் தோய்த்து, ஆறவிட்டு, மறுபடியும் ராவினார். பிடிக்குப் பூவரசங் கட்டையைச் செதுக்கி, கை வழுக்காமல் இருக்க வலை நூலால் வரிந்தார். சின்னம்மா தான் வாங்கிய கத்தியை அவரிடம் காட்டினார். "உது கொத்துறதுக்கு நல்லது" என்று மட்டும் சொன்னார். முடிந்ததும் கத்தியை அம்மாவிடம் நீட்டவில்லை. பட்டடைக் கல்லில் வைத்துவிட்டு ஒரு அடி தள்ளி நின்றார். அம்மா எடுத்தார்.

வீட்டுக்கு வந்து அம்மா முதல் வெட்டாக, கண்ணூறு கழிய, ஒரு தேசிக்காயை இரண்டாக வெட்டி வாசலின் இரு பக்கமும் எறிந்தார். "அக்கா, இது கத்தியே, ஈர்க்கே?" என்று சின்னம்மா பகிடி பண்ணினார். ஆனால் அடுத்த நாள் அந்த ஈர்க்கு வேலை செய்ததைப் பார்த்தபோது அவருக்குப் பகிடி வரவில்லை. வாலடியில் வைத்து, கத்தியைச் சரித்துப் பிடித்து, அம்மா தள்ளிக்கொண்டு போவார். அலகு முள்ளின்மேல் உரசுகிற மெல்லிய சத்தம் மட்டும் கேட்கும். சதை ஒரே துண்டாகக் கழன்று விழும், முள்ளுக்குப் பின்னால் வைத்த விரல் தெரியும்.

"உன்ரையாலை ஏலாது. இந்தா, இதாலை பழகு" என்று அம்மா கத்தியைப் பலகையில் வைத்தார். சின்னம்மா எடுத்துப் பழகினார். மூன்று நாளும் ஒருத்தி மாறி ஒருத்தி. வளவெல்லாம் மீன் நாற்றம், பூனைகளுக்குக் கலியாணம்.

திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கொம்பனி வாசலில் நின்றேன். ஐஸுக்குப் போட்ட மரத்தூள் வாசனையும் மீன் வாசனையும் கலந்து அடித்தது. நீண்ட மேசை, பதினொரு பெண்கள், ஒவ்வொருத்திக்கும் முன்னால் அவளவளுடைய கத்தி. அம்மாவுக்குப் பக்கத்தில் சின்னம்மா. வெள்ளைக்காரர் சிவந்த முகமும் பெரிய கையுமாக, பார்க்க நல்ல மனிசராகத்தான் இருந்தார். முதலில் கத்திகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். சின்னம்மாவின் கத்தியை எடுத்துப் பார்த்துத் தலையை ஆட்டி ஓரமாக வைத்துவிட்டார். பிறகு அம்மாவின் கத்தியை எடுத்தார்.

வளைத்தார். விட்டார். திரும்ப வளைத்தார். வாய் நிறையச் சிரித்து ஏதோ சொன்னார்.

"துரைக்கு உந்தக் கத்தி நல்லாப் பிடிச்சிருக்கு. தன்ரை ஊரிலையும் இப்பிடித்தானாம். எங்கை வாங்கினதெண்டு கேக்கிறார்" என்றார் மேற்பார்வையாளர்.

"செய்விச்சது" என்றார் அம்மா. அம்மாவின் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் கண்டதில்லை.

வெள்ளைக்காரர் கத்தியைத் திருப்பினார். அலகைத் தன் கையில் பிடித்து, பிடியை அம்மாவின் பக்கம் காட்டி, மிகவும் மரியாதையாக நீட்டினார்.

அம்மாவின் இரண்டு கையும் பின்னால் போய்விட்டன.

"வையுங்கோ" என்றார் மெதுவாக.

வெள்ளைக்காரர் விளங்காமல் இன்னும் கொஞ்சம் கிட்ட நீட்டினார்.

"துரை தாறார், வாங்குங்கோவன்" என்றார் மேற்பார்வையாளர்.

"மேசையிலை வைக்கச் சொல்லுங்கோ. எடுக்கிறன்."

மேற்பார்வையாளரின் முகம் மாறியது. அவர் படித்த வீட்டுப் பிள்ளை, அவருடைய வீட்டில் கத்தியை யார் எப்படி எடுத்தார்கள் என்பதைக் கவனித்திருக்க மாட்டார். மற்றப் பெண்களைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "மாடு தின்னுறவன்ரை கை பட்டால் தீட்டெண்டு பாக்கிறா போலை. உவவின்ரை ஆசாரத்தைப் பாருங்கோவன்." பிறகு வெள்ளைக்காரரிடம் இங்கிலீசில் சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அந்த மனிசரின் சிரிப்பு நின்று, சிவந்த முகம் இன்னும் சிவந்தது.

படலைக்கு மேலால் ஊற்றிய தண்ணீரைக் கையேந்திக் குடித்து நாலு நாள் ஆகவில்லை. அம்மாவுக்கு ஆசாரமாம்.

இவ்வளவும் நடந்தது பத்து எண்ணுகிற நேரத்துக்குள். ஒருவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். எங்கள் வழக்கம் இது, கீழே வையுங்கள் என்று. அங்கே நின்ற மற்றப் பத்துப் பெண்களுக்கும் அந்த வழக்கம் தெரியும். எல்லோருக்கும் வேலை வேண்டும், எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். சின்னம்மாவுக்குத் தெரியும், வழக்கமும் தெரியும், அம்மாவின் காரணமும் தெரியும். எனக்கு எல்லோரையும் விடக் கூடத் தெரியும். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 

வெள்ளைக்காரர் கத்தியை வைக்கவில்லை. பக்கத்தில் கத்தியில்லாமல் நின்ற சின்னம்மாவிடம் திரும்பி நீட்டினார். சின்னம்மா அம்மாவைப் பார்த்தார். அம்மா நேரே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னம்மா கையை நீட்டி வாங்கினார்.

நல்லாகத்தான் சீவினார். மூன்று நாள் பழகிய கை, பழகிய கத்தி. முள்ளைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்த வெள்ளைக்காரர் தலையாட்டினார். அம்மா முடியும்வரை அங்கேயே நின்றார். நீங்கள் போகலாம் என்று மேற்பார்வையாளர் சொன்னதும் பைப்படிக்குப் போய்க் கையைக் கழுவினார். அன்று மீனையே தொடாத கை அது. ஏன் கழுவினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வீட்டுக்கு நடந்து வரும்போது என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, பள்ளிக்கூடத்துக்கு ஏன் போகவில்லை என்றுகூட.

பின்னேரம் சின்னம்மா வேலிப் பொட்டால் வந்தார். கத்தியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். எங்கள் வாசலில் அதைக் கீழே வைத்தார்.

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும் அக்கா. ஏன் வாங்கேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"நீயும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

 சின்னம்மா வந்த பொட்டாலேயே திரும்பிப் போனார். அடுத்த நாள் அம்மா புதுக் கிடுகு வாங்கி அந்தப் பொட்டை அடைத்தார். சகோதரிகள் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை. கைக்குக் கை வாங்கினால் உறவு முறியும் என்பதற்கு ஊரில் பிறகு எங்களைத்தான் உதாரணம் காட்டினார்கள். கத்தி வாசலிலேயே மூன்று நாள் கிடந்தது, கோழி அதற்கு மேலால் நடந்தது. நான்தான் எடுத்துத் தேங்காயெண்ணெய் பூசி இறப்பில் செருகினேன். அம்மா லொறி வில்லுக் கத்தியோடு பழையபடி துறைக்குப் போனார்.

நானும் போனேன். அந்த வருடம் எனக்கு அம்மை வந்து எழும்ப முடியாமல் கிடந்தேன் என்றுதானே நீங்கள் நினைத்தீர்கள்? ரீச்சர் அப்படிச் சொன்னார், நானும் அப்படியே விட்டுவிட்டேன். அம்மை வரவில்லை. துறையில் இருந்து கருவாட்டுக்கு மீன் கீறினேன். உங்களில் சிலர் என்னைவிட ஒரு வகுப்பு முன்னால் போனது அதனால்தான். அடுத்த வருடம் அம்மா என்ன நினைத்தாரோ, என்னைக் கூட்டிக்கொண்டுபோய்த் திரும்பப் பள்ளிக்கூடத்தில் விட்டார்.

சின்னம்மா ஐஸ் கொம்பனியில் ஆறு வருடம் இருந்தார். இரண்டாம் வருடமே ஐஸ் பட்டுப் பட்டு அவருடைய விரல்களில் உணர்ச்சி குறைந்துவிட்டது. ஒரு நாள் வேலி இடுக்கால் பார்த்தேன், கிணற்றடியில் நின்று உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார், சவர்க்கார நுரை சிவப்பாக வந்தது. விரல் வெட்டுப்பட்டிருந்தது அவருக்கே தெரியவில்லை. கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பத் தோய்த்தார். அன்று எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. கோபம் போன இடத்தில் வேறொன்றும் வரவில்லை. பாவம் என்றுகூட மனது சொல்லவில்லை. நான் அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தேன், இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கொம்பனி பிறகு மூடப்பட்டது. வெள்ளைக்காரர் அதற்கு முன்பே போய்விட்டார். தன் கையிலிருந்து வாங்க மறுத்த ஒரு பெண்ணை அவர் தன் ஊரில் எப்படி நினைத்துக்கொண்டிருந்தாரோ.

மிச்சம் கொஞ்சம்தான். படித்து முடித்து எனக்கு மலைநாட்டில் ஹற்றன் பக்கம் ஆசிரியர் நியமனம் வந்தது. அதற்குப் பிறகு அம்மா இருபது வருடத்துக்கு மேல் இருந்தார், ஒவ்வொரு விடுமுறைக்கும் நான் போய் வந்தேன். எங்களை ஒன்றும் பிரிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெளிக்கிடுவதற்கு முதல்நாள் காலை. அம்மா நல்ல விளைமீனாகப் பார்த்து வாங்கிவந்தார். பொரித்துச் சோற்றோடு கட்டித் தரப் போகிறாராம்.

"ரயிலுக்கை இருந்து முள்ளெடுத்துக்கொண்டிருக்க ஏலாது. சதையாச் சீவித் தாறன்" என்றார். "அந்த மெல்லிசுக் கத்தியை எடு."

பத்து வருடம் அந்தக் கத்தியைப் பற்றி அவர் பேசியதில்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று கேட்கவுமில்லை. இறப்பிலிருந்து இழுத்தேன். எண்ணெய் பூசிப் பூசி வைத்ததில் துரு அதிகம் பிடிக்கவில்லை, வலை நூல் மட்டும் கறுத்திருந்தது. கல்லில் நாலு இழுப்பு இழுத்துக் கழுவிக்கொண்டு வந்து, வழக்கம்போல் பலகையில் வைக்கக் குனிந்தேன்.

அம்மா வலக்கையை நீட்டினார்.

"கையிலை தா."

எனக்கு விளங்கவில்லை. குனிந்தபடியே நின்றேன்.

"தா பிள்ளை. நாளைக்குப் போறாய்தானே, இனி உதுக்குப் பயந்து என்ன?"

 நீட்டிய கையை அம்மா எடுக்கவில்லை. மீனைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அண்டைக்கு அப்பாட்டையும் நீ கையிலைதானே குடுத்தனி."

அடுப்படியில் சோறு கட்டிக்கொண்டிருந்த அம்மா, பிறகு ஊருக்கெல்லாம் தானே கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டிருந்த அம்மா, அதைச் சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கவுமில்லை. நான் பிடியைத் திருப்பி அவருடைய உள்ளங்கையில் வைத்தேன். விரல்கள் மூடின. அவர் மீனைப் புரட்டி, வாலடியில் கத்தியைச் சரித்து வைத்துச் சீவத் தொடங்கினார். இரண்டு பக்கமும் சீவி முடித்து, சதையை விரலால் தடவித் தடவி ஒரு முள்ளும் இல்லாமல் பார்த்தார்.